சென்ட்ரிங் முடிந்துவிட்டது: கடலோர வீட்டில் லைட் பாயிண்டுகளை எங்கெங்கே வைப்பது?

தென்கடல் மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். உச்சிப்புளிக்குத் தெற்கே, தென்கடல் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். மனைக்கும் கடலுக்கும் இடையில் ஒரு தென்னந்தோப்பும் மணல்மேடும்தான். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். கொத்தனார், கம்பி கட்டுபவர், எலக்ட்ரீசியன் என்று எல்லோரிடமும் பேசி வேலை வாங்குவது நான்தான்.

மேல்தளத்துக்குச் சென்ட்ரிங் (காங்கிரீட்டைத் தாங்கும் பலகை) அடித்தாகிவிட்டது. கம்பி கட்டியதும் வயர் போகும் பைப் போட வேண்டும். அடுத்த வாரம் காங்கிரீட். "லைட் பாயிண்ட் எங்கே வேண்டும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு கேட்டால் சுவரைக் கீறிக் காடி வெட்டத்தான் வேண்டும்" என்கிறார் எலக்ட்ரீசியன். அவருடைய யோசனை, ஒவ்வோர் அறைக்கும் நடுவில் ஃபேன், நான்கு மூலையிலும் தளத்தில் பதிக்கும் டவுன்லைட். ஹாலுக்கு மட்டும் ஃபால்ஸ் சீலிங் போட்டு, அதற்குள் கலர் மாறும் ஸ்டிரிப் லைட். கணவரும் அங்கே பார்த்த அடுக்குமாடி வீடுகளின் படங்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறார். படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீடுகளில் யாரும் மீன் ஆய்ந்து கழுவுவதாகத் தெரியவில்லை.

வீட்டின் விவரம் இது. வாசல் கிழக்கு. ஹால் 12க்கு 16 அடி. இரண்டு படுக்கையறைகள், ஒவ்வொன்றும் 11க்கு 12. சமையலறை தென்கிழக்கு மூலையில், 10க்கு 9. அதற்கு வெளியே, தெற்குச் சுவரை ஒட்டி மீன் கழுவும் மேடை. வாசலில் ஒரு திண்ணை. மாடிப்படி வெளியே. தளத்தின் உயரம் 10 அடி.

என் மாமியார் பனை ஓலைப் பெட்டி முடைபவர். வெயில் தாழ்ந்த பிறகு திண்ணையில் உட்கார்ந்தால் இரவுச் சாப்பாடு வரை கை ஓயாது. ஒரு கண்ணில் புரை அறுவை சிகிச்சை ஆகிவிட்டது, இன்னொரு கண்ணில் இன்னும் ஆகவில்லை. மகள் பத்தாம் வகுப்பு. இப்போது இருக்கும் வாடகை வீட்டில் சமையலறையின் ஒரே டியூப்லைட் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. வெங்காயம் நறுக்கும்போதுகூட என் நிழலில்தான் நறுக்குகிறேன். வாங்கி மாட்டிய வாசல் விளக்குகள் உப்புக்காற்றில் ஒரு சோளகப் பருவத்தை, அதாவது தென்காற்றுக் காலத்தை, தாண்டுவதில்லை. மூடியின் ஸ்குரூவைக் கழற்றப் போனால் தலை தனியாக வந்துவிடுகிறது.

இந்த வீட்டில் அந்த இரண்டு தொல்லையும் இருக்கக் கூடாது. இந்தக் கரையில் வீடு கட்டியவர்களும் வயரிங் வேலை தெரிந்தவர்களும் வழி சொல்லுங்கள்.

தங்கச்சிமடம் வயர்மேன்:

தங்கச்சி, காங்கிரீட் போடுவதற்கு முன்பே கேட்டீர்கள், அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. இராமேசுவரத்திலும் பாம்பனிலும் மண்டபம் வரையிலும் வயரிங் செய்து பிழைக்கிறேன். நான் சொல்வது எல்லாம் இந்தக் கரைக்கான கணக்கு. மதுரை வீட்டுக்கு வேறு கணக்கு.

முதலில் அறையின் நடுப்புள்ளியையும் நான்கு மூலைகளையும் மறந்துவிடுங்கள். வரைபடத்தின் நகலை எடுத்துக்கொண்டு, வீட்டில் யார், எந்த நேரத்தில், எந்தப் பக்கம் முகம் வைத்து, எதைச் செய்கிறார் என்று பென்சிலால் குறியுங்கள். அத்தை ஓலை முடையும் இடம், மகள் எழுதும் மேசை, நீங்கள் நறுக்கும் இடம், மீன் மேடை, இரவில் படுக்கையிலிருந்து குளியலறைக்குப் போகும் வழி. விளக்குகளின் இடத்தை அந்தக் குறிகளே சொல்லிவிடும். மிச்சம் இருக்கும் இடத்துக்குப் பொது வெளிச்சம் ஒன்று போதும்.

உங்கள் சமையலறையையே பாருங்கள். மேடை இரண்டடி ஆழம். அறையின் நடுவில் விளக்கை வைத்தால் நீங்கள் எப்போதும் அதற்கு முதுகைக் காட்டித்தான் நிற்பீர்கள். வாடகை வீட்டில் நடப்பது அதுதான். மேல்தளப் பாயிண்டைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, மேடையின் முன்விளிம்புக்கு நேர்மேலே வையுங்கள். மேடைக்கு மேல் அலமாரி வருமானால் அது மறைக்கும். அப்போது அலமாரியின் அடியில், முன்விளிம்பை ஒட்டி, டியூப்லைட் போல நீளமான ஒரு மெல்லிய எல்.இ.டி. பேட்டன் வேண்டும். முன்னால் ஓர் அங்குலப் பட்டை இறக்கிவிட்டால் கண்ணில் குத்தாது, பலகையில் மட்டும் விழும். அதற்கு ஒரு பைப் இப்போதே அந்தச் சுவரில் இறங்க வேண்டும்.

இந்த வாரம் நீங்கள் எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டியதில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தளத்துக்குள் புதைவது மட்டும்தான் அவசரம். ஃபேன் பாக்ஸ் எங்கே, தளத்தில் தொங்கும் விளக்குகளின் பாக்ஸ் எங்கே, எந்தெந்தச் சுவரில் பைப் இறங்குகிறது, இவ்வளவுதான். சுவர் விளக்கு ஆறடியிலா ஏழடியிலா, சுவிட்சு போர்டு கதவுக்கு எந்தப் பக்கம் என்பதையெல்லாம் பூச்சு வேலைக்கு முன் நிதானமாகப் பார்க்கலாம். சந்தேகமான சுவர் இருந்தால் அங்கே ஒரு வெறும் பைப்பை இறக்கி மூடி வையுங்கள். பைப்பின் விலை சொற்பம். பூசிய சுவரைக் காடி வெட்டி மீண்டும் பூசினால் அந்தக் கோடு கடைசி வரை தெரியும். அதோடு அந்த வெடிப்பில்தான் ஓதம் முதலில் ஏறும்.

ஹாலுக்கு எவ்வளவு வெளிச்சம் என்று வாட்டைப் பார்த்து வாங்காதீர்கள். விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவைப் பெட்டியில் லூமென் என்று அச்சிட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். 12க்கு 16 அடி என்றால் கிட்டத்தட்ட 18 சதுர மீட்டர். உட்கார்ந்து பேச, டி.வி. பார்க்க, குழந்தைகள் விளையாட 150 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு 150 லூமென், தாராளம். அப்படியானால் தரையில் வந்து சேர வேண்டியது 2,700 லூமென். சுவரும் தூசியும் விழுங்குவதை எல்லாம் சேர்த்தால் விளக்கிலிருந்து சுமார் 4,300 புறப்பட வேண்டும். நல்ல 20 வாட் எல்.இ.டி. பேட்டன் ஒன்று 2,000 லூமென் தரும். ஆக, எதிரெதிர்ச் சுவரில் இரண்டு பேட்டன் கிட்டத்தட்டக் கணக்கை முடித்துவிடும். படுக்கையறைக்கு 100 லக்ஸ் போதும் என்பதால் ஒன்றே ஒன்று. எழுதும் மேசைக்கும் நறுக்கும் மேடைக்கும் மட்டும் 300 லக்ஸ் வேண்டும். அதை அறை முழுவதும் இறைக்கத் தேவையில்லை, பக்கத்தில் ஒரு சிறிய விளக்கு வைத்தால் கிடைத்துவிடும்.

பேட்டனைச் சுவரில் வையுங்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்கு ஃபேனும் ஒரு காரணம். 48 அங்குல ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து இரண்டடி போகும். தளத்தில் இருக்கும் டவுன்லைட் அந்த வட்டத்துக்குள்ளோ அதை ஒட்டியோ வந்தால் இறக்கை வெளிச்சத்தை வெட்டிக்கொண்டே இருக்கும். அறை முழுக்கப் படபடவென்று துடிக்கும். படிக்கிற பிள்ளைக்குத் தலைவலி வரும். சுவரில் ஏழரை, எட்டடியில் விளக்கு இருந்தால் இறக்கை அதற்கு மேலே சுற்றும், தொந்தரவே இல்லை.

இனி உப்பு. இந்தக் கரையில் எந்த விளக்கும் ஒரு நாள் போகும். எனவே வீட்டோடு நிற்க வேண்டியது பைப்பும் பாக்ஸும் வயரும்தான். விளக்கை ஒரு ஸ்டூலில் ஏறி நீங்களே மாற்றும்படி இருக்க வேண்டும். எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கிற அளவிலேயே எல்லாவற்றையும் வாங்குங்கள். இராமநாதபுரத்திலோ உச்சிப்புளியிலோ மாற்று கிடைக்காத விளக்கு உங்கள் வீட்டுக்கு வேண்டாம். கலர் ஸ்டிரிப்பை நான் வேண்டாம் என்பதும் இதனால்தான். ஈரக்காற்றில் பசை விட்டுத் தொங்கும். அதற்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் பெட்டி சீலிங்குக்குள் எங்கோ மறைந்திருக்கும். அது போனால் பலகையைக் கழற்ற வேண்டும்.

சுவருக்குள் பதிக்கும் சுவிட்சு பாக்ஸைத் தகரத்தில் வாங்காமல் பி.வி.சி.யில் வாங்குங்கள். தகரப் பாக்ஸின் ஓரத்தில் காதுபோல் ஒரு துண்டு மடித்திருப்பார்கள், ஸ்குரூ ஏறுவது அதில்தான். இங்கே முதலில் துருப்பிடித்து உடைவது அந்தக் காதுதான். உடைந்த பிறகு சுவிட்சு பிளேட் சுவரில் நிற்காது. சிமென்டு குழைக்கவும் நனைக்கவும் உப்புத் தண்ணீரையோ, பூச்சுக்குக் கடல் மணலையோ ஒருபோதும் விடாதீர்கள். கம்பிக்கு வருகிற கேடு பாக்ஸுக்கும் வரும்.

வெளி விளக்கு வாங்கும்போது ஐ.பி. 65 என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. உப்பு அரிப்பைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை. அலுமினிய உடலுக்குப் பெயின்ட் அடித்த விளக்கும் 65 என்றுதான் வரும். பெயின்டில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அடியில் வெள்ளையாகப் பொரிந்து உதிரும். வெளியே பாலிகார்பனேட் உடல் உள்ளதை வாங்குங்கள். ஸ்குரூ 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். கடைகளில் சாதாரணமாகத் தருவது 304. அதுவும் துருப்பிடிக்காது என்பார்கள், இங்கே செம்புள்ளி விழும். மாட்டும்போதே மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டால் பிறகு தலை கையோடு வராது. வயர் விளக்குக்குள் நுழைவதற்கு முன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும். மழைத் தண்ணீர் வயரோடு வந்தாலும் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மீன் மேடைக்கு வருகிறேன். அது தெற்குச் சுவர், சோளகத்தின் நேர் அடி. சன்ஷேடை மேடைக்கு மேல் இரண்டடி நீட்டச் சொல்லுங்கள். அதன் அடியில், நீங்கள் உட்காரும்போது உங்கள் முகத்துக்கு எதிரே இருக்கும் சுவரில், கொஞ்சம் இடப்பக்கமாக விளக்கு இருக்கட்டும். உங்கள் தலை வெளிச்சத்துக்குக் குறுக்கே வராது, வலக்கையின் நிழலும் மீனின் மேல் விழாது. ஒட்டியிருக்கும் செதிலும் வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புத் தோலும் தெரிய வேண்டும் அல்லவா? அந்த இடத்துக்கும் சமையல் மேடைக்கும் 4000 கெல்வின், சி.ஆர்.ஐ. 90 உள்ள விளக்காகப் பாருங்கள். கெல்வின் என்பது வெளிச்சத்தின் சாயலைச் சொல்லும் எண், குறைந்தால் மஞ்சள், கூடினால் வெண்ணீலம். சி.ஆர்.ஐ. என்பது பொருளின் நிறத்தை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு நூற்றுக்கு இத்தனை என்ற மதிப்பெண். சி.ஆர்.ஐ. குறைந்த விளக்கில் சிவப்பெல்லாம் சாம்பல் பூத்ததுபோல் தெரியும்.

அத்தையின் திண்ணை பற்றி மற்றவர்களும் சொல்லட்டும். நான் சொல்வது ஒன்றுதான், அவரை உட்காரவைத்து, கையில் ஓலையைக் கொடுத்து, கையில் ஒரு எமர்ஜென்சி விளக்கைப் பிடித்துக்கொண்டு நீங்கள் இடம் மாற்றி மாற்றி நில்லுங்கள். "இங்கே நன்றாகத் தெரிகிறது" என்று அவர் சொல்லும் இடத்தில் சுவரில் குறி போட்டுவிடுங்கள்.

இராமநாதபுரம் உள்ளலங்காரம்:

சகோதரி, வயர்மேன் அண்ணன் சொன்னதில் பெரும்பகுதிக்கு நானும் கையெழுத்துப் போடுவேன். வீட்டு உள்ளலங்கார வேலை செய்கிறவன் என்ற முறையில் இரண்டு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன்.

ஃபால்ஸ் சீலிங்கை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. கடலோரத்தில் கெட்ட பெயர் வாங்கியது ஜிப்சம் பலகை. அது ஈரத்தைக் குடித்து உப்பி, கறுப்புப் பூசணம் பிடிக்கும். அதைத் தாங்கும் தகரச் சட்டமும் துருப்பிடித்துத் தொய்ந்துவிடும். சிமென்டு சேர்ந்த பலகையும் அலுமினியச் சட்டமும் போட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. செலவு கூடும், உண்மை. ஹால் முழுவதும் போடாதீர்கள். கடலுக்கு எதிர்ப்பக்கமான வடக்குச் சுவர் ஓரமாக ஒன்றரை அடி அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் இறக்கி, அதற்குள் சாதாரண பேட்டன்களையே படுக்கவைத்து மேல்தளத்தை நோக்கி வெளிச்சம் போகும்படி செய்யுங்கள். ஸ்டிரிப் வேண்டாம் என்பதில் அண்ணனோடு நானும் நிற்கிறேன்.

இதை நான் வலியுறுத்துவது அழகுக்காக மட்டும் இல்லை. உங்கள் மாமியாரின் கண்ணுக்காக. அறுபது வயதுக் கண்ணின் உட்திரைக்கு, இருபது வயதுக் கண்ணுக்குப் போகும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது. அதனால் பெரியவர்களுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். ஆனால் புரை உள்ள கண்ணில் நேர் வெளிச்சம் பட்டால் சிதறிப் பரவிக் கூசும், பார்ப்பதே மறைந்துவிடும். கூடுதல் வெளிச்சம் வேண்டும், விளக்கு கண்ணில் படக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் தருவது தளத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சம். மூலைக்கு மூலை டவுன்லைட் இதற்கு நேர் எதிர். அண்ணாந்தால் ஒவ்வொன்றும் கண்ணில் குத்தும். படுக்கையறையில் படுத்துக்கொண்டு பார்ப்பதும் தளத்தைத்தானே!

இப்படிச் செய்தால் மேல்தளம் வெள்ளையாக இருக்க வேண்டும். சுவருக்குக் கரும்பச்சை, கருநீலம் என்று போகாதீர்கள், நீங்கள் கணக்குப் போட்ட லூமெனில் பாதியைச் சுவரே தின்றுவிடும். சந்தன நிறமோ இளமஞ்சளோ போதும்.

அடுத்தது நிறம். நம் ஊரில் விளக்கு என்றாலே 6500 கெல்வின் வெண்ணீல வெளிச்சம் என்று பழகிவிட்டோம். மஞ்சள் சாயல் என்றால் மங்கல் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. லூமென் ஒன்றாக இருந்தால் வெளிச்சத்தின் அளவும் ஒன்றுதான். படுக்கையறைக்கும் ஹாலுக்கும் 3000 கெல்வின் வாங்குங்கள். இரவில் நீலம் மிகுந்த வெளிச்சத்தில் இருந்தால் தூக்கம் பிந்தும். மகளின் மேசைக்கு மட்டும் 4000 கெல்வினில் ஒரு மேசை விளக்கு, வலக்கைப் பழக்கம் என்றால் இடப்பக்கத்தில். அதற்கு மேசை உயரத்துக்குச் சற்று மேலே பிளக் பாயிண்ட் வைக்க மறந்துவிடாதீர்கள்.

திண்ணையில் பெட்டி முடையும்போது சாயம் தோய்த்த ஓலையும் வரும் அல்லவா? இளஞ்சிவப்பு, பச்சை, ஊதா என்று. இருட்டிய பிறகு ஊதாவும் நீலமும் குழம்பாமல் இருக்க அங்கேயும் சி.ஆர்.ஐ. 90 தேவை. அவருடைய இடத்தோளுக்கு மேல், சற்று முன்னால், ஆறரை அடி உயரத்தில், கீழ்நோக்கி மட்டும் வெளிச்சம் விடும் மூடியுள்ள சுவர் விளக்கு. ஓலையின் நரம்பு பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் எழுந்து தெரியும். நேர் மேலிருந்து அடித்தால் தட்டையாகிவிடும்.

மண்டபம் கரைவாசி:

அக்கா, வீட்டுக்குள் எப்படி வைத்தாலும் சரி. தெற்குச் சுவருக்கு வெளியே என்ன வைக்கப்போகிறீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை. தென்னந்தோப்புக்கு அப்பால் கடல் என்றீர்கள். மன்னார் வளைகுடா அது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்த கடல்.

தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை இந்தக் கரையில் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) முட்டையிட ஏறும். ஒரு குழியில் நூறு முட்டை அளவுக்கு இருக்கும். வனத்துறையினர் விடியற்காலையில் தடம் பார்த்து எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். தனுஷ்கோடிப் பக்கம் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கண்ணில் படாத குழிகளும் உண்டு. ஒன்றரை மாதத்துக்கு மேல் கழித்து இரவில் குஞ்சுகள் மணலை முட்டிக்கொண்டு வெளியே வரும். வந்ததும் எந்தப் பக்கம் வானம் வெளுப்பாக இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். இருட்டான கரையில் அது கடல் பக்கம். கரையில் ஒரு வெள்ளை ஃபோகஸ் லைட் எரிந்தால் அவை வீட்டைப் பார்த்து ஓடிவரும். விடிவதற்குள் நாயும் நண்டும் காக்கையும் பார்த்துக்கொள்ளும். தப்பியவை வெயிலில் காயும். தாய் ஆமையே வெளிச்சம் உள்ள கரையில் ஏறத் தயங்கித் திரும்பிவிடும்.

அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்வது: கடலைப் பார்த்து எந்த விளக்கும் வேண்டாம். மொட்டை மாடியில் கம்பம் நட்டு ஃபோகஸ் லைட் வைப்பது இப்போது எல்லா வீட்டிலும் வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து அதற்குப் பைப்பே போட வேண்டாம். பைப் இருந்தால் என்றாவது ஒரு நாள் விளக்கு வந்துவிடும். மீன் மேடைக்கு விளக்கு வேண்டும், அதை மறுக்கவில்லை. சன்ஷேடின் அடியில், மூன்று பக்கமும் மூடிய கூண்டுக்குள், நேர் கீழே மட்டும் வெளிச்சம் விழட்டும். வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். இரவெல்லாம் பாதுகாப்புக்கு எரிய வேண்டும் என்றால் ஆம்பர் நிற (செம்மஞ்சள்) எல்.இ.டி. என்று கேட்டு வாங்குங்கள். 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளம் என்றால் ஆமைகளை அவ்வளவாக இழுக்காது. ஆள் நடமாட்டம் கண்டால் மட்டும் எரியும் சென்சாரைச் சேர்த்தால் இன்னும் நல்லது. தெற்கு ஜன்னல்களுக்குக் கனமான திரை போடுங்கள்.

ஐப்பசி மழை விட்ட மாலையில் ஈசல் பறந்து சோற்றில் விழுகிற தொல்லையும் இந்த நிறத்தில் குறையும். பூச்சிகளை அதிகம் இழுப்பது வெண்ணீல வெளிச்சம்தான்.

தென்கடல் மருமகள்:

மூவருக்கும் நன்றி. அண்ணன் சொன்னபடி வரைபடத்தின் நகலில் ஒவ்வொருவரின் இடத்தையும் குறித்தேன். அதைப் பார்த்ததும் எலக்ட்ரீசியனே டவுன்லைட் பேச்சை விட்டுவிட்டார்.

அத்தையின் வேலை இடத்தை எமர்ஜென்சி விளக்கை வைத்துப் பார்த்தேன். தலைக்கு நேர் மேலே பிடித்தபோது கண்ணைச் சுருக்கினார். இடத்தோளுக்கு முன்னால் கொண்டுவந்ததும் ஒன்றும் சொல்லவில்லை, பின்னல் வேகமெடுத்தது. அதுவே போதும் என்று திண்ணைச் சுவரில் கரித்துண்டால் குறி போட்டுவிட்டேன். ஊதா ஓலையைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு, "அதைச் சொன்ன தம்பி வீட்டில் யாரோ பெட்டி முடைந்திருக்கிறார்கள்" என்றார்.

ஃபால்ஸ் சீலிங் பட்டையைப் பற்றிக் கணவரிடம் பேசினேன். ஹாலின் வடக்கு ஓரத்தில் மட்டும், சிமென்டுப் பலகையில் என்று ஒப்புக்கொண்டார். கலர் ஸ்டிரிப்பைக் கைவிட அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மாடியில் ஃபோகஸ் லைட்டும் கிடையாது, பைப்பும் கிடையாது. இந்த மணலில் ஆமைத் தடம் பார்த்து வளர்ந்தவர் அவர். கரைவாசித் தம்பி எழுதியதை அனுப்பியதும் மறுபேச்சு இல்லை.

இன்னும் இரண்டு கேள்விகள். புயல் எச்சரிக்கை வந்தாலே இங்கே மின்சாரம் போய்விடும், சில சமயம் இரவு முழுக்க வராது. இன்வெர்ட்டர் பிறகுதான் வாங்கப்போகிறோம். அதற்கு இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா? இரண்டாவது, இரவில் அத்தை குளியலறைக்குப் போக எழுந்தால் சுவிட்சைத் தேடித் தடவுகிறார். பெரிய விளக்கைப் போட்டால் எல்லோருக்கும் தூக்கம் கலைகிறது. அதற்கு என்ன செய்வது?

தங்கச்சிமடம் வயர்மேன்:

தங்கச்சி, வடக்கு ஓரப் பட்டைக்கு நான் எதிரி இல்லை. சாதாரண பேட்டன் என்றால் ஸ்டூலில் ஏறி மாற்றிவிடலாம், எனக்கு அதுதான் கணக்கு. சிமென்டுப் பலகை கனம் அதிகம். தளத்தில் அதைத் தாங்கும் கொக்கிகளை நல்ல ஆங்கரில் மாட்டச் சொல்லுங்கள்.

இன்வெர்ட்டர் பிறகு வாங்கலாம், அதற்கான லைனை இப்போதே பிரித்துவிட வேண்டும். மின்சாரம் போனால் எரிய வேண்டியவை எவை என்று முடிவு செய்யுங்கள்: சமையல் மேடை, ஹாலில் ஒன்று, அறைக்கு ஒன்று, மாடிப்படி, இரண்டு ஃபேன். இவற்றுக்கு, எல்லா லைனும் பிரியும் டி.பி. பாக்ஸிலிருந்தே தனி வயரும் தனி நியூட்ரலும் போக வேண்டும். நியூட்ரலைச் சேர்த்துவிட்டால் பின்னால், மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். அப்போது அதைக் கழற்றிப் போட்டுவிடச் சொல்வார்கள், விடாதீர்கள். ஈரச்சுவர் உள்ள கடலோர வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உயிருக்குக் காவல். உப்பு மண்ணில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) எர்த் பைப் சீக்கிரம் அரித்துவிடும் என்பதால் செம்பில் போட்டுவிடுங்கள்.

பேட்டரி 150 ஆம்பியர் அவர் என்றால் காகிதத்தில் 1,800 வாட் அவர். கைக்குக் கிடைப்பது மூன்றில் இரண்டு பங்கு என்று வையுங்கள். ஒன்பது வாட் விளக்கு ஐந்தும், மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டும் சேர்ந்தால் நூறு வாட்டைச் சற்றுத் தாண்டும். பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். சாதாரண ஃபேன் ஒன்றே 75 வாட் இழுக்கும், விடிவதற்கு முன்பே பேட்டரி இறங்கிவிடும். ஹாலில் எதிரெதிர்ச் சுவர் பேட்டன்களை வெவ்வேறு லைனில் பிரித்துவிட்டால், மின்சாரம் போனாலும் ஒன்று எரியும். ஒரு லைட் சர்க்யூட்டில் பத்துப் பாயிண்டுக்கோ 800 வாட்டுக்கோ மேல் ஏற்ற வேண்டாம். லைட்டுக்கு ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், அதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

அத்தைக்குக் கால் விளக்கு வையுங்கள். கட்டிலிலிருந்து குளியலறை வரை, தரையிலிருந்து ஓரடி உயரத்தில், சுவிட்சு பாக்ஸ் அளவிலேயே ஒன்றோ இரண்டோ. அரை வாட், ஆம்பர் நிறம், வெளிச்சம் தரையில் மட்டும் விழும். மாலை முதல் விடியும் வரை தானாக எரியும்படி சென்சார் உள்ளது கிடைக்கும். சுவிட்சைத் தேடவே வேண்டாம். அதையும் இன்வெர்ட்டர் லைனில் சேருங்கள். படுக்கையறையின் பெரிய விளக்குக்குக் கதவருகே ஒன்றும் கட்டிலருகே ஒன்றுமாக டூவே சுவிட்சு, மாடிப்படிக்குக் கீழும் மேலும் அதேபோல்.

பைப் போடும் அன்று நீங்கள் சென்ட்ரிங் மேல் ஏறி நிற்க வேண்டும். ஒவ்வொரு பாக்ஸுக்கும் இரண்டு சுவர்களிலிருந்து டேப் பிடித்து அளவெடுத்து, டேப்போடு சேர்த்துப் போனில் படம் எடுத்து வையுங்கள். பாக்ஸின் வாய்க்குள் காகிதமோ தெர்மாகோலோ திணித்து அடைத்திருக்கிறார்களா பாருங்கள், இல்லாவிட்டால் சிமென்டுப் பால் இறங்கி உறைந்துவிடும். பெண்டு (பைப்பின் வளைவுத் துண்டு) போட்ட இடங்களில் பசை தடவிச் சொருகியிருக்க வேண்டும். காங்கிரீட் போடுகிறவர்கள் பைப்பின் மேல் கால் வைப்பார்கள், தள்ளுவண்டியும் ஓட்டுவார்கள். அதனால் போட்டு முடிக்கும் வரை எலக்ட்ரீசியனைப் பக்கத்திலேயே நிறுத்திவையுங்கள். மூட்டு விலகினால் கலவை ஈரமாக இருக்கும்போதே சரி செய்துவிடலாம். முட்டுப் பிரித்ததும் ஒவ்வொரு பைப்பிலும் ஸ்டீல் ஸ்பிரிங் விட்டு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அவருக்கு அடுத்த தவணைப் பணம் கொடுங்கள்.